தடம் விட்ட நிலத்துக்கும் முழு வரியா?

புதுச்சேரி நகரத்தின் ஓரத்தில் முன்பு தோட்டமாக இருந்த பல இடங்கள் இன்று வீட்டு மனைகளுக்கு நடுவில் நிற்கின்றன. அப்படி ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 16 ஆர் நிலம். முன்னால் வீடு, பின்னால் தென்னை. ஓரமாக 4 மீட்டர் அகலம், 60 மீட்டர் நீளத்துக்கு வண்டித்தடம்.

பின்புறத் தோட்டக்காரர் அந்தக் காலத்தில், "மாமா, தேங்காய் ஏத்த வண்டி இப்படி வந்துட்டுப் போகட்டுமா?" என்று கேட்டார். பெரியவர், "அதுக்கென்னப்பா, போய்ட்டு வா" என்றார். எழுத்து எதுவும் இல்லை.

இப்போது வரி மதிப்பீட்டு அறிவிப்பு வந்திருக்கிறது. தடத்தின் பரப்பு 2.4 ஆர், அதாவது மொத்த நிலத்தில் 15 சதவீதம். அதில் சுவர் எழுப்ப முடியாது, மரம் வைக்க முடியாது. வரி மட்டும் 16 ஆருக்கும். "வண்டி போற இடத்துக்கும் நாமதான் கட்டணுமா?" என்கிறார் மகன்.

கேள்வி நியாயமானது. நகராட்சி வரிக்கு அடிப்படையாக வைக்கப்படும் ஆண்டு மதிப்பு என்பது, அந்தச் சொத்துக்கு நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய வாடகை. கல்கத்தா மாநகராட்சிக்கும் பத்மா தேவிக்கும் நடந்த வழக்கில் 1961-ல் உச்ச நீதிமன்றம், சட்டம் அனுமதிக்கும் வாடகைக்கு மேல் மதிப்புப் போடக்கூடாது என்றது. அடுத்தவருக்குத் தடப் பாத்தியம் உள்ள நிலத்தை வாடகைக்கு எடுப்பவர் முழு விலை தரமாட்டார். குறைத்துக் கேட்பதற்கான காரணம் அதுதான்.

பாரம் ஏறிய நிலத்தின் மதிப்பு குறையும் என்பதை அரசே ஒப்புக்கொள்கிறது. எண்ணெய், எரிவாயுக் குழாய் பதிக்கும் நிலத்துக்கு 1962-ம் ஆண்டு குழாய்ச் சட்டப்படி சந்தை மதிப்பில் 10 சதவீதம் இழப்பீடு உண்டு. உயர் அழுத்த மின்கம்பிக்குக் கீழே வரும் நிலத்துக்கு 30 சதவீதம் தரலாம் என்கிறது மத்திய மின்துறையின் 2024 வழிகாட்டுதல். இவை இழப்பீட்டுக் கணக்குகள், வரிச் சலுகை அல்ல. ஆனால் ஆட்சேப மனுவில் எடுத்துக்காட்ட உதவும்.

ஆனால் மனு எழுதும் முன் பெரியவர் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. "பக்கத்து நிலத்துக்காரருக்கு இதில் பாத்தியம் இருக்கிறது" என்று கையெழுத்துப் போட்டால், நாளை தடத்தை அடைக்க நினைக்கும்போது அந்தத் தாளே எதிராக வந்து நிற்கும்.

இந்திய ஈஸ்மெண்ட் சட்டம் 1882-ன்படி, 20 ஆண்டு தடையில்லாமல், பகிரங்கமாக, உரிமையோடு நடந்த வழி பாத்தியமாகிவிடும். அனுமதி கேட்டு நடந்தது அப்படி ஆகாது. புதுச்சேரியில் 1819-ல் நடைமுறைக்கு வந்த பிரெஞ்சு சிவில் சட்டம் இன்னும் கண்டிப்பானது. எத்தனை காலம் நடந்தாலும் நடைபாதைப் பாத்தியத்துக்குப் பத்திரம் வேண்டும் என்றது. வெளியேற வேறு வழியே இல்லாத நிலத்துக்கு மட்டும் விலக்கு தந்தது. இந்தியச் சட்டங்கள் பலவும் இங்கே வந்தது 1968-ம் ஆண்டு நீட்டிப்புச் சட்டத்தின் மூலம். அதனால் பழைய பிரெஞ்சுக் காலப் பத்திரம் வீட்டில் இருந்தால், அதில் தடம் பற்றிய வரி இருக்கிறதா என்று முதலில் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இன்னொன்று. பாகப்பிரிவினையில் ஒரே நிலத்தை வெட்டிப் பிரித்து, பின் பங்குக்கு வேறு வழியே இல்லை என்றால், பத்திரத்தில் எழுதாவிட்டாலும் வழி விட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆகவே குடும்பம் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும். தடம் என்றைக்கும் இருக்கட்டும் என்றால், அகலம், நீளம், எதற்கான வழி, பழுது பார்ப்பது யார் என்று எழுதிப் பதிவு செய்யலாம். அந்தத் தடத்தால் பின் நிலத்தின் விலை கூடுவதால், அவரிடம் ஒரு தொகை கேட்பதிலும் தவறில்லை. பதிவான பத்திரத்தின் நகல், சர்வே வரைபடம், தடத்தின் அளவு ஆகியவற்றோடு, அறிவிப்பில் சொன்ன கெடுவுக்குள் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். 15 சதவீதமும் அப்படியே கழியும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மண் இன்னும் அவர்களுடையதுதான், அவர்களும் அதில் நடக்கிறார்கள்.

பின்னால் அங்கே மகளுக்கு வீடு கட்டும் எண்ணம் இருந்தால், "அனுமதியின் பேரில் நடக்கிறோம்" என்று பக்கத்துக்காரரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, முழு வரியையும் கட்டிவிடுவதே நல்லது.