வலிக்காத புண்

பெரிய வியாழன் மாலை வழிபாட்டில் பன்னிருவரின் பாதங்களைக் கழுவி வருகையில், முதியவர் ஒருவரின் வலக்காலில் நமது கை நின்றுவிட்டது. பெருவிரலின் அடியில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் புண். அதன் ஓரங்கள் கறுத்திருந்தன. “வலிக்கவில்லையா, ஐயா?” என்று மெல்லக் கேட்டோம். “புண்ணா? எங்கே சாமி?” என்றார் அவர்.

அந்த மறுமொழி அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை. நாமும் ஒன்பது ஆண்டுகளாக நீரிழிவு உடையவரே. திருவிழாக்களிலும் புதுமனை மந்திரிப்புகளிலும் நீட்டப்படும் இனிப்பை மறுக்க மனமின்றி, ‘உடம்பில் ஒரு தொல்லையும் இல்லையே’ எனச் சமாதானம் சொல்லிவந்தோம்.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்ததும் முதியவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் பொறுமையாய் விளக்கினார். இரத்தத்தில் மிகுதியாகத் தங்கும் சர்க்கரை, குழாய்களின் உட்சுவரை ஆண்டுக்கணக்கில் மெல்லச் சிதைக்கிறது. பெரிய குழாய்களில் கொழுப்புப் படிந்து வழி குறுகினால் மாரடைப்பும் பக்கவாதமும் நேரலாம். காலுக்குச் செல்லும் இரத்தமும் குறையும். நுண்குழாய்கள் பழுதுபட்டால் விழித்திரையில் இரத்தம் கசியும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் உள்ள சுமார் 10 லட்சம் வடிகட்டிகள் நலிந்து, உடலுக்கு வேண்டிய புரதத்தையே வெளியே விடும். நரம்புகள் கெட்டால் பாதம் மரத்துப்போகும். முள் தைத்தாலும் செருப்புக் கடித்தாலும் தெரியாது.

முதியவரின் விரலை எடுக்க வேண்டியதாயிற்று, பாதம் பிழைத்தது. நாமும் பரிசோதித்துக்கொண்டோம். நமது சிறுநீரில் புரதம் கசியத் தொடங்கியிருந்தது. நமக்கோ, ஒரு வலியும் இல்லை.

வலியைச் சிலுவை என்று பிறருக்குப் பலமுறை போதித்திருக்கிறோம். அது காவலாளியும் ஆகும் என்பதை அம்முதியவரின் பாதமே நமக்குக் கற்பித்தது. காவலாளி மௌனமான வீட்டில் நாமே விழித்திருக்க வேண்டும்.

விழித்திருப்பதால் பயனுண்டு. இங்கிலாந்தில் 1977-இல் தொடங்கிய நெடிய ஆய்வு 1998-இல் வெளியானபோது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தவர்களிடம் நுண்குழாய்ப் பாதிப்புகள் 25 விழுக்காடு குறைந்திருந்தமை தெரிந்தது. கண்ணையும் சிறுநீரையும் ஆண்டுதோறும் பரிசோதிக்குமாறு மருத்துவர் பணித்திருக்கிறார்.

இப்போது இரவுச் செபம் முடிந்ததும் கண்ணாடி வைத்து நமது உள்ளங்கால்களைப் பார்க்கிறோம். அன்பர்களே, உங்கள் இல்லத்தில் நீரிழிவுடைய பெரியவர் இருப்பின், இன்றிரவு அவரது பாதங்களைக் கழுவித் துடைத்து, விரலிடுக்குகளையும் பாருங்கள். அவர் வலியில்லை என்பார், ஆயினும் பாருங்கள்.