தங்கச்சியின் தோலும் பாத்தீனியமும்

என் தங்கச்சிக்குச் சிறுவயதிலிருந்தே கரப்பன். தொற்றிவிடும் என்று வகுப்பில் ஒரு பிள்ளை தள்ளி இருந்தாளாம். கரப்பன் யாருக்கும் தொற்றாது. அவளது தோலின் மதில் கொஞ்சம் பலவீனம், அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்து வெறுங்காணிகளில் வெள்ளைப் பூவோடு நிற்கிறதே பாத்தீனியம், அது 1987இல் இந்திய இராணுவத்தோடு வந்தது என்பார்கள். அதிலுள்ள பாத்தெனின் என்ற பொருள் வெடித்த தோலுக்குள் இலகுவாக நுழையும். உள்ளே காவலிருப்பவை லங்கர்ஹான்ஸ் கலங்கள். 1868இல் மருத்துவ மாணவராயிருந்த லங்கர்ஹான்ஸ் அவற்றைக் கண்டு, நரம்புக் கலங்கள் என்று நினைத்தார். (நாம் பரீட்சைக்குப் படிக்கும் கணையச் சிறுதீவுகளும் அவர் பெயரில்தான்!) இக்கலங்கள் அந்நியப் பொருளை நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய் ரீ கலங்களுக்குக் காட்டும். ரீ கலங்கள் அதை மறப்பதில்லை. பிறகு அந்தச் செடி பட்டால் ஓரிரு நாளில் தோல் சிவந்து கொப்பளிக்கும். முதல் தடவை ஒன்றும் தெரியாது. அதனால்தான் உம்மம்மா செடியை நம்பாமல், கத்தரிக்காயையும் இறாலையும் நிறுத்திவிட்டா. பாவம் தங்கச்சி, இறால் என்றால் உயிர்.

டொக்டர் இறாலைத் தடுக்கவில்லை. குளித்து ஈரம் காயுமுன் களிம்பு பூசச் சொன்னார். வாப்பா கையுறை போட்டு, பூக்குமுன்னே வேலியோரச் செடிகளைப் பிடுங்கினார். இரவில் சொறியும் சத்தம் குறைந்திருக்கிறது. ஆனால் ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை போடும். மாரி மழைக்கு மறுபடி முளைத்தாயிற்று. வாப்பா கையுறையைத் தேடுகிறார்.