தொலைவும் நேரமும்

நிலப்படத்தில் சென்னையையும் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான்பிரான்சிஸ்கோவையும் அளவுகோல் வைத்து இணைத்துவிடலாம். ஆனால் வானூர்திகள் அக்கோட்டை மதிப்பதில்லை. உலக உருண்டையின்மேல் இவ்விரு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால், அது வடக்கே ஏறிச் சீனம், சைபீரியா, அலாஸ்கா ஆகியவற்றைத் தொட்டு இறங்கும். அந்நூலின் அளவு ஏறத்தாழ 13,900 கிலோமீட்டர். இவ்வழியே நேராகப் பறக்கும் பயணச் சேவையோ இல்லை. துபாய் வழியே சென்றால் ஏறத்தாழ 16,000 கிலோமீட்டர். சிங்கப்பூர் வழியே சென்றால் அதனினும் 500 கிலோமீட்டர் கூடும்.

தொலைவு குறைந்தால் நேரமும் குறையும் என்றே பள்ளிக் கணக்கு நமக்குக் கற்பித்தது. வானம் அக்கணக்கிற்குக் கட்டுப்படவில்லை. ஏர் இந்தியா நிறுவனம் தில்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு 2015 டிசம்பரில் நேரடிச் சேவையைத் தொடங்கி, அட்லாண்டிக் வழியே 13,900 கிலோமீட்டர் பறந்து வந்தது. 2016 அக்டோபரில் கிழக்கே திரும்பிப் பசிபிக் வழியே 15,300 கிலோமீட்டர் பறந்தது. 1,400 கிலோமீட்டர் கூடுதல். ஆயினும் பதினான்கரை மணி நேரத்தில், முன்னைவிட விரைவாகவே போய்ச் சேர்ந்தது. பூமியின் சுழற்சியே காரணம் என்று அப்போது சிலர் எழுதினர். அது பொருந்தாது; பூமியோடு காற்று மண்டலமும் சேர்ந்தே சுழல்கிறது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் வேகக் காற்றோட்டமே வானூர்தியைப் பின்னிருந்து தள்ளிற்று.

இக்கணக்குகளை நாங்கள் விரும்பிக் கற்கவில்லை. ஒரு குளிர்கால ஞாயிறன்று வைகறை ஐந்து மணிக்கு எங்கள் அன்னையார் மறைந்தார். இளையவன் சான்பிரான்சிஸ்கோவில் இருந்தான். அங்கே அப்போது சனிக்கிழமை பிற்பகல் மூன்றரை. ஜனாஸாவைத் தாமதிக்கலாகாது என்பது எங்கள் வழக்கம். எனினும் பெற்ற மகன் முகம் பார்க்க வேண்டாமா என்று பெண்கள் அழுதனர். பெரியவர்கள் எங்கள் முகத்தைப் பார்த்தனர். அவனிடம் இதை எப்படிக் கேட்பது என்று நாங்கள் தயங்கிக்கொண்டிருக்கையில், அவனே தொலைபேசியில் சொன்னான்: "எப்படி வந்தாலும் நாளை மாலை ஆகிவிடும் அண்ணே. அம்மாவைக் காக்க வைக்க வேண்டாம்."

அவனுக்கு இரு வழிகள் இருந்தன. துபாய் வழி தொலைவு குறைவு. ஆனால் அங்கே ஒன்பது மணி நேரம் காத்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் காத்திருப்பு இரண்டே மணி. நீண்ட வழியையே தேர்ந்தான்.

சனி இரவு பதினொரு மணிக்கு அவன் புறப்பட்டபோது இங்கே ஞாயிறு பகல் பன்னிரண்டரை. அஸர் தொழுகைக்குப்பின் அன்னையாரை நல்லடக்கம் செய்தோம். அவன் பசிபிக்கின்மேல் எதிர்க்காற்றில் வந்துகொண்டிருந்தான். வழியில் தேதிக்கோட்டைக் கடந்து அவன் சிங்கப்பூரில் இறங்கியபோது திங்கட்கிழமை காலை. அந்த ஞாயிறு அவனுக்குத் தரையில் கிட்டவேயில்லை.

சென்னையிலிருந்து எங்கள் ஊருக்குச் சாலையில் நான்கு மணி நேரம். பெட்டியை வண்டியிலேயே விட்டுவிட்டு, வீட்டிற்குள் நுழையாமல் நேரே அடக்கத்தலத்திற்குச் சென்றான். நாங்கள் வாயிலிலேயே நின்றுகொண்டோம்.

பத்து நாள் இருந்து திரும்பினான். சிங்கப்பூரிலிருந்து வரும்போது பதினேழு மணி நேரம் பிடித்த கடல்வழி, போகும்போது பதினைந்தே மணியில் முடிந்ததாகச் செய்தி அனுப்பினான்.