கடைமடை

2021 நவம்பர் 13, சனிக்கிழமை. முந்தின நாள் தொடங்கிய மழை விடவே இல்லை. நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே தண்டவாளத்தில் மண் சரிந்து ரயில்கள் நின்றுவிட்டன. குளமெல்லாம் மறுகால் பாய்ந்தது. எங்கள் ஊரில் மதியமே மின்சாரம் போய்விட்டது. தோவாளைப் பக்கம் பெரியப்பாவின் வயலில் கும்பப்பூ நட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. பயிரின் நுனிகூடத் தெரியவில்லை, ஒரே காயலாகக் கிடந்தது.

மறுநாள் காலை பெரியப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, செல்போனில் மிச்சமிருந்த சார்ஜில் செய்தி வாசித்தேன். கிளாஸ்கோ பருவநிலை மாநாடு முடிந்திருந்தது. நிலக்கரி மின்சாரத்தை ‘படிப்படியாக ஒழிப்பது’ என்று இருந்த வாசகத்தைக் கடைசி நேரத்தில் ‘படிப்படியாகக் குறைப்பது’ என்று இந்தியா மாற்ற வைத்திருந்தது. வறுமையை ஒழிக்க வேண்டிய நாடுகளிடம் நிலக்கரியை ஒழிப்பதாக எப்படி வாக்குறுதி கேட்கலாம் என்று நம் சுற்றுச்சூழல் அமைச்சர் பூபேந்தர் யாதவ் கேட்டிருந்தார். மாநாட்டுத் தலைவர் அலோக் சர்மா குரல் உடைந்து மன்னிப்புக் கேட்டாராம்.

“என்னடே வாசிக்க?” என்றார் பெரியப்பா.

முடிந்த அளவு விளக்கினேன். அமெரிக்காவும் ஐரோப்பாவும் இருநூறு வருடமாகக் கரியை எரித்துப் பணக்காரர்கள் ஆனது, அந்தப் புகை இன்னும் வானத்தில் நிற்பது, இப்போது எல்லா நாடும் எரிப்பதற்கு ஒரு வரம்பு வேண்டும் என்று பேசுவது.

பெரியப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். “வெளங்கிட்டு. தலைமடைக்காரன் ரெண்டு பூவுக்கும் வெள்ளத்தை அடிச்சுட்டான். இப்பம் அணையில தண்ணி கொறஞ்சாச்சு. எல்லாரும் ஒண்ணுபோல சிக்கனம் பிடிக்கணும்னு கூட்டம் போடுதான். அதுதானே?”

“அதுதான் பெரியப்பா.”

“அப்பம் மந்திரி சொன்னது செரிதானேடே.”

நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு இதை வேறு யாரும் சொல்லித்தர வேண்டாம். 1906இல் பேச்சிப்பாறை அணை கட்டி முடிக்கப்பட்டது. அன்று முதல் கால்வாயின் தலைப்பில் இருப்பவனுக்கும் கடைசியில் இருப்பவனுக்கும் வழக்குதான். தலைமடைக்காரன் வயல் நிறைந்து வழியும், கடைமடையில் பொருக்கு வெடிக்கும். சின்ன வயதில் பெரியப்பாவோடு டார்ச் லைட்டும் மண்வெட்டியுமாக ராத்திரி மடை பார்க்கப் போயிருக்கிறேன். மேலே எவனாவது வரப்பை வெட்டியிருப்பான். ‘முறை’ தப்பினால் கை கலப்பு வரை போகும்.

அந்த முறைக் கணக்கை உலகத்துக்குப் போட்டால் இந்தியாவின் கட்சி பலமானது. உலக மக்களில் ஆறில் ஒருவருக்கு மேல் இந்தியர். ஆனால் தொழிற்புரட்சி தொட்டு இன்று வரை வானத்தில் சேர்ந்த கார்பன் டை ஆக்சைடில் நம் பங்கு சுமார் 3 சதவீதம், அமெரிக்காவின் பங்கு ஏறத்தாழ நான்கில் ஒன்று. இன்றும் தலைக்கு ஒரு வருடத்துக்கு நாம் விடுவது சுமார் 2 டன், அமெரிக்கர் விடுவது 14, 15 டன்.

இந்த வாதம் பழையது. 1972இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் வறுமையையும் சுற்றுச்சூழலையும் பிரித்துப் பேச முடியாது என்றார் இந்திரா காந்தி. 1991இல் டெல்லியில் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் ஒரு சிறு நூல் எழுதினார்கள். ஏழை அடுப்பெரிக்கவும் நெல் விளைவிக்கவும் விடும் வாயுவையும் பணக்காரனின் காரிலிருந்து வரும் வாயுவையும் ஒரே தராசில் வைக்காதே என்பது அதன் சாரம். 1997இன் கியோட்டோ ஒப்பந்தம் வளர்ந்த நாடுகளுக்கு மட்டுமே கட்டாய வரம்பு விதித்தது. 2009இல் குர்கானில் ஹிலாரி கிளிண்டனை அருகில் வைத்துக்கொண்டே, இந்தியாவுக்குக் கட்டாய வரம்பு கூடாது என்று சொன்னார் ஜெய்ராம் ரமேஷ். அவர் காங்கிரஸ், யாதவ் பாஜக. கட்சி மாறியது, வாதம் மாறவில்லை. எனக்கும் அன்று அந்தத் திண்ணையில் பெருமையாகத்தான் இருந்தது.

இதை இரண்டு வாரம் கழித்துத் தூத்தூர் பக்கத்து நண்பர் ஒருவரிடம் உற்சாகமாகச் சொன்னேன். மீன்பிடிக் குடும்பம். 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் அடித்தபோது அவருடைய தம்பி ஆழ்கடலில் இருந்தான். தாழ்வு மண்டலம் சில மணி நேரத்தில் புயலாக மாறிவிட்டது. கரையில் எச்சரிக்கை வந்தபோது படகுகள் வெகு தூரத்தில் இருந்தன. அந்தக் கடற்கரையில் வீட்டுக்கு வீடு ஒப்பாரி கேட்டது. தம்பியின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

முழுதும் கேட்டுவிட்டு நண்பர் மெதுவாகச் சொன்னார். “சாரே, ஏழைக்காக்கும் பேசினாருன்னு சொல்லுதிய. நல்லது. அந்த ஏழை ஆருன்னு ஆராவது கேட்டாவளா? கரண்டு ஏசிக்காரனுக்கு. கடலு சூடாவது எங்களுக்கு.”

ஒரு புயலை எடுத்து இது இன்ன புகையால் வந்தது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் அரபிக்கடல் சூடாகி வருகிறது, அதனால் அங்கே கடும் புயல்கள் கூடுகின்றன என்று விஞ்ஞானிகள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். நண்பரிடம் நான் தலைக்கு 2 டன் கணக்கைச் சொல்லவில்லை. அந்த 2 டன் யார் யார் தலையில் எவ்வளவு என்று அவர் கேட்டிருப்பார்.

வீட்டுக்கு வந்து மின் அட்டையை எடுத்துப் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு 870 யூனிட். இரண்டு ஏசி, ஒரு கெய்சர். பெரியப்பா வீட்டில் அப்போது இருந்த, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. நண்பரின் வீட்டிலும் அப்படித்தான். கிளாஸ்கோவில் அமைச்சர் அவர்கள் பேரைச் சொல்லி வாங்கிய சலுகையை இங்கே அனுபவிப்பவன் நான்.

நிலக்கரியை நாளைக்கே நிறுத்திவிடலாம் என்று சொல்ல நான் ஆள் இல்லை. நாட்டின் மின்சாரத்தில் சுமார் முக்கால் பங்கு இன்னும் கரியில்தான் வருகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் எத்தனையோ காத்தாடிகள் நிற்கின்றன. தென்மேற்குப் பருவக் காற்று அடிக்கிற மாதங்களில் சுழன்று தள்ளும், அது ஓய்ந்தால் அதுவும் ஓயும். அப்போது தூத்துக்குடி அனல்மின் நிலையம்தான் கைகொடுக்கிறது. 2012இல் ஒரு நாளில் பாதிக்கு மேல் மின்வெட்டில் கிடந்தவர்கள் நாம். புழுக்கத்தில் மெழுகுவர்த்தி வைத்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் படித்ததைப் பார்த்தவன், மின்சாரம் ஆடம்பரம் என்று சொல்லமாட்டான். தலைமடைக்காரன் எழுதிய வரம்பை அப்படியே ஒப்புக்கொள்ளவும் முடியாது.

ஆனால் கிளாஸ்கோவில் இன்னொரு காட்சியும் உண்டு. வாசகம் மாறியதும் ஏமாற்றத்தோடு எழுந்து பேசியவர்களில் மார்ஷல் தீவுகளின் பிரதிநிதியும் ஒருவர். கடல் ஏறினால் போக்கிடம் இல்லாத நாடு அது. அமெரிக்காவைப் பார்த்து நாம் கடைமடை என்று கத்தினோம். நமக்குக் கீழே ஒருவன் நின்றதை நான் அன்று செய்தியில் வாசித்தும் கவனிக்கவில்லை.

வெள்ளம் வடிந்த பிறகு வயலைப் பார்க்கப் போனேன். பாதிக்கு மேல் அழுகிவிட்டது. நண்பர் சொன்னதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். வரப்பில் நின்றபடி யோசித்தார்.

“மடைச் சண்டையில ஒரு ஞாயம் உண்டு கேட்டியா. மேல உள்ளவன்கிட்ட சண்டை போட்டு வெள்ளம் வாங்கலாம். வாங்கினதை நம்ம வயல்லயே கட்டி வச்சுட்டு, கீழ உள்ளவனைக் காயப் போட்டா, அவனுக்கு நாமதாண்டே தலைமடை.”

அடுத்த மாநாட்டிலும் இந்தியா இதே வாதத்தைத்தான் வைக்கும். வைக்கவும் வேண்டும், நானும் கைதட்டுவேன். ஆனால் வாங்கி வந்த பங்கில் தூத்தூருக்கு எவ்வளவு, என் வீட்டு ஏசிக்கு எவ்வளவு என்று ஊருக்குள் ஒரு முறைக் கணக்கு போடாதவரை, அந்த நண்பரின் முகத்தைப் பார்த்து அமைச்சர் சொன்னது சரி என்று என்னால் இன்னொரு முறை சொல்ல முடியாது.