நாதோர் தெருவிலிருந்து வியன்னாவுக்கு

புடாபெஸ்ட் நகரத்துக்கு என்றைக்காவது போனால், நேயர்களே, முதலில் ஊர்ப் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். 'பெஸ்ட்' என்றால் அந்த ஊர்க்காரர்களுக்குக் காது கூசும். 'பெஷ்ட்' என்க வேண்டும்! டான்யூப் நதியின் கிழக்குக் கரையில், சங்கிலிப் பாலத்தருகே இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் நாதோர் தெரு வரும். அங்கே 9-ஆம் எண் கட்டடத்துக்கு முன்னால் சற்று நில்லுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு பிரபு கட்டிக்கொண்ட மாளிகை அது. மத்திய ஐரோப்பிய சர்வகலாசாலை பல வருஷங்கள் நடந்தது இங்கேதான்.

புடாபெஸ்டில் 1930-இல் பிறந்து, அமெரிக்கா போய்ப் பெரும் பணம் சேர்த்த ஜார்ஜ் ஸோரோஸ் 1991-இல் அதைத் தொடங்கினார். கம்யூனிஸ்ட் ஆட்சிகள் சரிந்திருந்த சமயம். சட்டம், அரசியல், பொருளாதாரம், சரித்திரம், சமூகவியல் ஆகியவற்றை ஆராய ஒரு புதுக் களம் வேண்டியிருந்தது. நெடுநாள் வரையில் பட்டதாரிகளுக்கு மட்டுமே இடம், பாடமெல்லாம் இங்கிலீஷில். நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். மதிய வேளையில் அந்த முற்றத்தில் எத்தனை விதமான இங்கிலீஷ் கேட்டிருக்கும், நினைத்துப் பாருங்கள்!

2017 ஏப்ரலில் வந்தது வினை. அயல்நாட்டு அங்கீகாரத்தில் நடக்கும் சர்வகலாசாலைக்குச் சொந்த நாட்டிலும் வகுப்புகள் இருக்க வேண்டும், இரு அரசாங்கங்களுக்கும் ஒப்பந்தம் வேண்டும் என்று ஹங்கேரிப் பாராளுமன்றம் அவசர அவசரமாகச் சட்டம் செய்தது. யார் பெயரும் அதில் இல்லை. ஆனாலும் அடி யார் தலையில் விழுகிறது என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. அந்த அரசாங்கத்தின் பிரதமர் விக்டர் ஓர்பான், இளம் வயதில் ஸோரோஸின் உபகாரச் சம்பளத்தில் ஆக்ஸ்போர்டுக்குப் படிக்கப் போனவர். இதையும் கேட்டு வையுங்கள்!

"சுதந்திர நாடு, சுதந்திர சர்வகலாசாலை" என்று கோஷமிட்டுக்கொண்டு பல்லாயிரம் ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். நியூயார்க் ராஜ்யத்தில் ஒரு கல்லூரியோடு ஏற்பாடு செய்து அங்கே வகுப்பும் தொடங்கியாயிற்று. ஹங்கேரி அரசாங்கமோ ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. 2018 டிசம்பரில் சர்வகலாசாலை தன் முடிவை அறிவித்தது. 2019-இல் வியன்னாவில் வகுப்புகள் தொடங்கின. புடாபெஸ்டில் குடும்பத்தை வைத்துக்கொண்டு ரயிலில் போய்வந்த ஆசிரியர்கள் உண்டு. போக இரண்டே முக்கால் மணி, வர இரண்டே முக்கால் மணி. நடுவில் பாடம் நடத்த வேண்டும்!

அந்தச் சட்டம் ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்துக்கு முரணானது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் பெட்டி படுக்கையெல்லாம் வியன்னா போய்ச் சேர்ந்துவிட்டன.

வியன்னாவில் இவர்கள் குடியேறிய ஃபவோரிட்டன் வட்டாரத்தில் அரண்மனை எதுவும் இராது. பழைய தொழிலாளர் பேட்டை அது. ஒரு காலத்தில் செங்கல் சூளைகளுக்கு செக் நாட்டிலிருந்து கூலிக்கு வந்தவர்கள் வாழ்ந்த பகுதி. வெளியூர்க்காரர்கள் அதற்குப் புதிதல்ல. டிராமில் ஏறி க்வெல்லன் தெருவில் இறங்கினால் 51-ஆம் எண்.