ஆளில்லாத ஊருக்கும் ஒரு மேயர்

வடகிழக்குப் பிரான்சில், வெர்டன் நகருக்குக் கொஞ்சம் தள்ளியிருக்கும் அந்தக் கிராமத்தில் நூறு பேர்கூட இல்லை. கடையும் கிடையாது. ரொட்டிக்காரரின் வேன் ஹாரன் அடித்துக்கொண்டு வரும். விட்டால் அன்றைக்கு ரொட்டி இல்லை. ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். வாசலுக்கும் சாலைக்கும் நடுவே அகலமான தரை. ஒரு காலத்தில் எருவும் விறகும் குவித்த இடமாம்; இப்போது கார்கள் நிற்கின்றன.

ஆனால் மேயர் இருக்கிறார்! மேயர் என்றால் மாநகராட்சி என்றே பழகியவன் நான். இங்கே லில் போன்ற பெருநகரமும் இந்தச் சிற்றூரும் சட்டத்தின் கண்ணில் ஒரே இனம்: கொம்யூன். கத்தோலிக்கப் பங்குகளாகக் கிடந்த ஊர்களை 1789 டிசம்பரில் புரட்சி அரசு அப்படி ஆக்கியது. இன்றும் நாட்டில் ஏறத்தாழ 35,000 கொம்யூன்கள்.

பழைய பள்ளிக் கட்டடத்தில் மேயர் அலுவலகம், வாரத்தில் இரண்டு அரைநாள்தான் திறந்திருக்கும். மேயர் ஓய்வுபெற்ற விவசாயி. மூவண்ணப் பட்டையைக் குறுக்கே அணிந்து குடிமைச் சட்டப் பிரிவுகளை அவர் வாசித்தால்தான் திருமணம். அதற்குப் பிறகே தேவாலயம். “மற்ற நாளெல்லாம் நாய் குரைக்கிறது, தெருவிளக்கு எரியவில்லை, இதுதான்” என்று சிரித்தார்.

அறிவிப்புப் பலகைதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. ஊருக்குச் சொந்தமான காட்டில் குளிர்காலத்துக்கு விறகு வெட்டிக்கொள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. பெயர் பதிய இன்ன தேதி கடைசி என்று ஒட்டியிருந்தார்கள். எந்தப் பங்கு யாருக்கு என்பது குலுக்கலில் முடிவாகும். வெட்டியதை விற்கக் கூடாது, தன் அடுப்புக்கு மட்டும். பல தலைமுறையாக நடக்கும் இந்த ஏற்பாட்டுக்குக் கணக்கு வைத்திருப்பது ஊர்மன்றம்தான்.

தேர்தலிலும் ஒரு வேடிக்கை. 2020 வரை ஆயிரம் பேருக்குக் குறைந்த ஊர்களில், வாக்குச்சீட்டில் பிடிக்காத பெயரைப் பேனாவால் அடித்துவிடலாம். எத்தனை பேர் தன்னை அடித்தார்கள் என்று மேயருக்கே தெரிந்துவிடும்! 2026 முதல் அது போய், ஆணும் பெண்ணும் மாறி மாறி வரும் பட்டியல் முறை வந்துவிட்டது. எனக்கென்னவோ பழையதே பிடித்திருந்தது.

அங்கிருந்து ஃப்ளூரிக்குப் போனேன். 1916 வெர்டன் போரில் பதினாறு முறை கைமாறிய ஊர். நானூற்றுக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த இடத்தில் இன்று புல் மூடிய குண்டுப் பள்ளங்கள், ஒரு சிறு தேவாலயம், எந்த வீடு எங்கே இருந்தது என்று சொல்லும் குறுங்கம்பங்கள். மக்கள்தொகை பூஜ்யம். ஆயினும் அது கொம்யூன்தான். வாக்களிக்க ஆளில்லாததால் அரசின் பிரீஃபெக்ட் அதற்கு மேயரை நியமிக்கிறார். இப்படி ஆளற்ற ஊர்கள் அந்த வட்டாரத்தில் ஆறு.

இதே கொம்யூன் ஏற்பாட்டைப் பிரெஞ்சுக்காரர்கள் 1880-இல் புதுச்சேரிக்கும் கொண்டுவந்தார்கள். பாகூரிலும் வில்லியனூரிலும் ‘கொம்யூன் பஞ்சாயத்து’ என்ற பெயர்ப்பலகை இன்றும் தொங்குகிறது. அங்கே 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-இல். அப்போது வென்றவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. அதன் பிறகு பத்தாண்டுக்கும் மேலாக, ஆள் நிறைந்த அந்த ஊர்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லை.