பம்ப் மூக்கு எத்தனை கிலோ தாங்கும்?

சினிமா, அரசியல், கிரிக்கெட்னு எல்லாத்தையும் பத்தி எல்லாரும் எழுதியாச்சு. அதனால இன்னிக்கு என் பொழப்பைப் பத்தி ஒரு பதிவு. பயந்து ஓடிடாதீங்க மக்களே, ஃபார்முலா எல்லாம் கிடையாது. கொஞ்சம் எண்கள், ஒரு சண்டை, அவ்ளோதான் :-)

நான் பார்க்கிறது பைப்பிங் ஸ்ட்ரெஸ் வேலை. சுத்திகரிப்பு ஆலையில ஓடுற குழாய் சூடானா எப்படி நீளும், எங்கே முட்டும், எதை உடைக்கும்னு முன்கூட்டியே கணக்குப் போடணும். இதுல ரொம்ப வம்பு பிடிச்ச இடம் பம்ப் நாசில், அதாவது குழாய் வந்து பம்ப்போட சேருற வாய். இங்கிலீஷ்காரன் மூக்குன்னு பேர் வச்சான். நம்ம நாசியும் அதுக்குத் தூரத்துச் சொந்தம்தான்.

ஒரு சின்ன கணக்கு. 10 மீட்டர் நீள இரும்புக் குழாயை 250 டிகிரி கூடுதலா சூடாக்கினா சுமார் 30 மி.மீ. நீளும். ரெண்டு முனையையும் அசையாம கட்டிட்டா? சாதாரண 6 இன்ச் குழாய்க்கே, காகிதக் கணக்குல 200 டன்னுக்கு மேல தள்ளும். நிஜத்துல அதுக்கு முன்னாடியே குழாய் வளைஞ்சு நெளிஞ்சுடும், அது வேற விஷயம்.

இப்ப எதிர்ப்பக்கம் பாருங்க. ஆலை பம்ப்புகளுக்கான ஏபிஐ 610 என்கிற தரநிலையில ஒரு அட்டவணை இருக்கு. மேல் பார்த்த 6 இன்ச் நாசிலுக்கு அது அனுமதிக்கிறது செங்குத்தா 3110 நியூட்டன், தண்டின் திசையில 2490, குறுக்கே 2050. நம்ம பாஷையில 317 கிலோ, 254 கிலோ, 209 கிலோ. ஒருபக்கம் 200 டன் தள்ளத் தயாரா இருக்கிற குழாய், இன்னொரு பக்கம் 300 சொச்சம் கிலோ தாங்குற மூக்கு. இந்த ரெண்டுக்கும் நடுவுல பஞ்சாயத்து பண்றதுதான் என் வேலை.

"பம்ப் எவ்ளோ கனமான இரும்பு, 300 கிலோவுக்கா உடையும்?"னு கேப்பீங்க. உடையாது. அந்த எண் உடையறதுக்கான எண்ணே இல்லை. மூக்கைத் தள்ளினா பம்ப் உடம்பு லேசா திரும்பும். அது திரும்பினா தண்டு மோட்டார் தண்டோட நேர்க்கோட்டுல இருந்து விலகும். நிமிஷத்துக்கு 3000 சுத்து சுத்துற தண்டு மயிரிழை விலகினாலும் முதல்ல அழுறது மெக்கானிக்கல் சீல், அடுத்தது பேரிங். சீல் போச்சுன்னா உள்ளே இருக்கிறது வெளியே வரும். 300 டிகிரி எண்ணெய்னா, காத்து பட்டாலே பத்திக்கிற சூடு அது.

இன்னொண்ணு, அந்த அட்டவணை எஃகு பம்ப்புக்குத்தான். வார்ப்பிரும்பு பம்ப்னா தயாரிப்பாளர் எழுதிக் கொடுக்கிற எண்தான் வேதம். அது பெரும்பாலும் இன்னும் சின்னதா இருக்கும்.

சரி, கணக்கு அட்டவணையைத் தாண்டிட்டா? அதே தரநிலையோட பிற்சேர்க்கையில ஒரு சந்து வச்சிருக்காங்க. எந்தத் தனி எண்ணும் ரெண்டு மடங்கைத் தாண்டக் கூடாது, மொத்த விசையும் மொத்தத் திருகலும் சேர்ந்து ஒரு வரம்புக்குள்ள இருக்கணும், ரெண்டு மூக்கோட சுமையையும் பம்ப் மையத்துக்குக் கொண்டுவந்து பார்த்தாலும் தேறணும். எல்லாருக்கும் இதுல "ரெண்டு மடங்கு" மட்டும்தான் ஞாபகம் இருக்கும். இந்த வழியில போனா தண்டு விலகல் 50 சதவீதம் வரைக்கும் கூடலாம், அதனால வாங்குறவர் சம்மதம் வேணும்னு அதே தரநிலை சொல்றது மட்டும் யார் கண்ணுலயும் படாது.

இனி சண்டை. சில வருஷம் முன்னாடி வளைகுடாவுல ஒரு ஆலை (பேரு வேண்டாம்). சூடான எண்ணெய்க்கு ரெண்டு பம்ப், ஒண்ணு ஓடும், ஒண்ணு ஓய்வுல நிக்கும். ஏ பம்ப் சமர்த்து. பி பம்ப்புல மட்டும் ஒரே வருஷத்துல மூணு சீல் போயிடுச்சு. சீல் கம்பெனியைத் திட்டினாங்க, ஃபிட்டரைத் திட்டினாங்க, கடைசியில பழைய ஸ்ட்ரெஸ் ரிப்போர்ட்டை என்கிட்ட கொடுத்து பார்க்கச் சொன்னாங்க.

ரிப்போர்ட்ல எல்லா எண்ணும் பச்சை. ஆனா ரெண்டு பம்ப்பும் ஒண்ணா சூடா ஓடுற கேஸ் ஒண்ணுதான் போட்டிருந்தாங்க. ஆலையில அப்படி ஒரு நாளும் ஓடாது! ஏ சூடா ஓடும்போது பி பக்கத்துக் கிளை ஆறிப்போய் கிடக்கும். ஒரு கிளை நீளும், இன்னொண்ணு நீளாது, நடுவுல மாட்டின பி மூக்கு பக்கவாட்டுல இழுபடும். அந்த கேஸைப் போட்டுப் பார்த்தா அட்டவணையைப் போல மூணு மடங்கு.

மீட்டிங்ல மேனேஜர் சொன்னார்: "பம்ப் கம்பெனிகிட்ட மூணு மடங்கு ஓகேன்னு ஒரு லெட்டர் வாங்கிடலாமே சார்?" ஷட்டவுன் எடுத்தா அவருக்கு எவ்ளோ நஷ்டம்னு எனக்கும் தெரியும். நான் சொன்னது இவ்ளோதான்: "வாங்கலாம் சார், ஆனா சீல் அந்த லெட்டரைப் படிக்காதே." அறையில யாரும் சிரிக்கலை.

ஷட்டவுன்ல பி பம்ப்போட பிளாஞ்ச் போல்ட்டைக் கழட்டினப்போ, தூத்துக்குடிக்காரர் ஒருத்தர், முப்பது வருஷ அனுபவ ஃபோர்மேன், பக்கத்துல நின்னார். கடைசி போல்ட் வந்ததும் குழாய் ஒரு விரல் அகலம் துள்ளி விலகிச்சு. "பார்த்தீங்களா தம்பி, செயின் பிளாக் போட்டு இழுத்து மாட்டிருக்கானுவ. எங்க காலத்துல போல்ட்டு கையால போகலைன்னா குழாயை வெட்டுவோம்"னார்.

அவர் சொன்னதுதான் விதியும். குழாயை மாட்டும்போது கப்ளிங்ல டயல் கேஜ் வச்சுப் பார்க்கணும், தண்டு 0.05 மி.மீ.க்கு மேல அசையக் கூடாதுன்னு ஏபிஐ 686 சொல்லுது. அண்ணன் அதைப் படிச்சாரான்னு தெரியாது, ஆனா கைக்குத் தெரிஞ்சிருந்தது.

குழாயை வெட்டி நேராக்கி ஒட்டினோம். இறுக்கமா நின்ன ரெண்டு சப்போர்ட்டை எடுத்துட்டு ஸ்பிரிங் வச்சோம். நீட்சி பம்ப் பக்கம் வராம ஒரு ஸ்டாப்பை இடம் மாத்தினோம். எந்த பம்ப் ஓடினாலும் எண்கள் அட்டவணைக்குள்ள வந்துச்சு, எந்த லெட்டரும் தேவைப்படலை.

"ஒரு பெல்லோஸ் வச்சா முடிஞ்சதே"னு கேக்கிற நண்பர்களுக்கு: கட்டுக்கம்பி இல்லாத 8 இன்ச் பெல்லோஸ், 10 கிலோ அழுத்தத்துல சுமார் 4 டன் தள்ளும். 8 இன்ச் மூக்குக்கு நேர்த்திசையில அனுமதியே 500 கிலோதான். 1974 ஜூன் 1, இங்கிலாந்தோட ஃப்ளிக்ஸ்பரோ ஆலையில ரெண்டு பெல்லோஸுக்கு நடுவுல ஒரு தற்காலிகக் குழாயை மாட்டியிருந்தாங்க. அதுக்கு வரைபடம், பட்டறைத் தரையில சாக்பீஸ்ல போட்ட கோடு மட்டும்தான். அந்தத் தள்ளுவிசையை யாரும் சரியா கணக்குப் போடலை. குழாய் பிய்ச்சுக்கிச்சு, 28 பேர் செத்தாங்க.

அதனாலதான் யாராவது "ரெண்டு மடங்குதானே சார், விடுங்க"ன்னா, நான் கேக்கிறது ஒரே கேள்வி: "எந்த பம்ப் ஓடும்போது?"

உங்க தொழில்லயும் இப்படி லெட்டர் வாங்கி மூடுற சமாச்சாரம் இருக்கா? பின்னூட்டத்துல கொட்டிட்டுப் போங்க. அடுத்த பதிவு சத்தியமா சினிமாதான் :-)